டெக்குக்கு ஸ்டெயின் பூச எந்த நாள் நல்ல நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் வீடு வாங்கியவர்கள் பலருக்குப் பின்வளவில் ஒரு மர டெக், அதாவது பலகைகளால் அமைத்த திறந்த தளம், இருக்கும். வெயிலிலும் மழையிலும் ஸ்னோவிலும் கிடக்கும் மரம் அது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் ஊறி அதைக் காக்கும் நிறப்பூச்சு, பூசாவிட்டால் நரைத்து, வெடித்து, பிளந்துவிடும். எந்த நிறம் வாங்குவது என்று கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறோம். எந்த நாளில் பூசுவது என்று கேட்டால் மட்டும் "வாற சனிக்கிழமை" என்று பதில் வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதற்குப் பிறகு என் டெக்கிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் பூசிப் பழகியதில் தெரிந்துகொண்டதை, என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளாகவே இங்கே எழுதுகிறேன்.

எந்த மாதம் நல்லது?

ஒன்ராறியோவின் தென்பகுதிக்கு இரண்டு நல்ல காலங்கள் உண்டு. ஒன்று, மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. மற்றது, ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் மூன்றாம் கிழமை வரை. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மே மாத நீண்ட வார இறுதியில், விக்டோரியா நாள் விடுமுறையோடு, எல்லாரும் பூசத் தொடங்குவார்கள். பகலில் 20 டிகிரி இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். ஸ்னோ உருகிய ஈரமும் பலகைக்குள் இன்னும் இருக்கும். ஏரிக்குப் பக்கத்தில், ஸ்காபரோ பிளஃப்ஸ் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு கிழமை கூடப் பொறுக்கச் சொல்வேன். வசந்த காலத்தில் ஏரித் தண்ணீர் குளிர்ந்தே கிடப்பதால் அங்கிருந்து வரும் காற்று கரையோரத்தைப் பகலிலும் குளிராக வைத்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் வேறொரு தொல்லை. கொட்டன்வுட் மரங்களின் பஞ்சு இலவம்பஞ்சு மாதிரித் தெருவெல்லாம் பறக்கும், பைன் மரங்களின் மஞ்சள் மகரந்தமும் படியும். ஈரமான ஸ்டெயினில் இவை ஒட்டினால் எடுக்கவே முடியாது. பக்கத்தில் அந்த மரங்கள் இருந்தால், பஞ்சு பறந்து முடியும் வரை காத்திருங்கள்.

ஜூலையில் சூடு அதிகம், பின்னேரங்களில் இடியோடு திடீர் மழையும் வரும். ஒக்டோபருக்குக் கடைசியில் வருகிறேன்.

எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

பெரும்பாலான ஸ்டெயின் பேணிகளில் 10 முதல் 32 டிகிரி வரை என்று போட்டிருக்கும். உங்கள் பேணியில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. எனக்குப் பிடித்தது 16 முதல் 25 வரை.

அந்தக் கீழ் எல்லை, பூசும் நேரத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். பூசிய பின் வரும் ஒன்றிரண்டு இரவுகளுக்கும் அது பொருந்தும். ஸ்டெயினில் தண்ணீரில் கலந்தது, எண்ணெயில் கலந்தது என்று இரண்டு வகை உண்டு. தண்ணீர் ஸ்டெயினுக்குள் இருப்பது பால் போலத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள். தண்ணீர் ஆவியாகும்போது அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டினால்தான் தொடர்ச்சியான படலம் உருவாகும். குளிரில் அவை ஒட்டாமல் தனித்தனியே நின்றுவிடும். பார்வைக்குக் காய்ந்தது போல இருக்கும், ஒரு குளிர்காலம் போனதும் தூளாக உரியும். எண்ணெய் ஸ்டெயின் குளிரில் கெட்டுப்போவதில்லை, ஆனால் நாள் கணக்கில் காயாமல் பிசுபிசுவென்று கிடக்கும்.

ஹியூமிடெக்ஸ் 38 என்று போட்டிருக்கிறார்கள். பூசக்கூடாதா?

ஹியூமிடெக்ஸ் என்பது சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, மனித உடம்புக்கு எப்படி இருக்கும் என்று சொல்லும் எண். மரத்துக்கு வியர்ப்பதில்லை. அதற்கு உண்மையான வெப்பநிலைதான் கணக்கு. ஆனால் ஹியூமிடெக்ஸ் அவ்வளவு ஏறுகிறது என்றால் காற்றில் ஈரம் நிறைய இருக்கிறது என்று பொருள். ஸ்டெயின் காய நேரமெடுக்கும். வேறு நாள் இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

நல்ல வெயில் அடிக்கும் நாள்தானே சிறந்தது?

பலரும் பிழைவிடும் இடம் இது. வெயில் மரத்தைக் காய வைக்க நல்லது. பூசும்போது அதே வெயில் பலகையில் நேராக விழக்கூடாது.

காற்று 28 டிகிரி இருக்கும் நாளில், நேர் வெயிலில் கிடக்கும் கறுத்த பலகை 50 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலோடு நின்று பாருங்கள். பத்து எண்ணும் வரை நிற்க முடியவில்லை என்றால் ஸ்டெயினுக்கும் அது சூடு. தூரிகை பட்ட உடனேயே ஸ்டெயினின் நீர்ப்பகுதி ஆவியாகிவிடும், மற்றது மரத்துக்குள் ஊற நேரமில்லாமல் மேலேயே தங்கிவிடும். ஒரு பலகையின் நடுவில் நின்று தூரிகையைத் தோய்த்துக்கொண்டு திரும்புவதற்குள் பூசிய ஓரம் காய்ந்துவிடும். அதன்மேல் மறுபடி பூசினால் அந்த இடம் இரட்டைக் கறுப்பாகக் கோடு விழும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மரத்தின் நுண்துளைகளுக்குள் இருக்கும் காற்று, மரம் சூடேறும்போது விரிந்து வெளியே வரப் பார்க்கும். குளிரும்போது சுருங்கும். ஆகவே சூடேறிக்கொண்டிருக்கும் மரத்தைவிட, வெயில் விலகி மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் மரம் ஸ்டெயினை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

அதனால் நிழலைப் பின்தொடருங்கள். உங்கள் டெக் வீட்டின் கிழக்குப் பக்கம் என்றால் மதியத்துக்குப் பிறகு வீட்டு நிழல் விழும், அப்போது தொடங்கலாம். மேற்குப் பக்கம் என்றால் காலை பனி காய்ந்த பின் பத்து மணிக்குத் தொடங்கி, வெயில் திரும்புவதற்குள் முடிக்கப் பாருங்கள். தெற்குப் பக்கம்தான் கஷ்டம். அதற்கு, மெல்லிய முகில் மூடிய, மழை இல்லாத நாளைவிட நல்ல நாள் கிடையாது. வானம் சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

மழை பெய்தது அல்லது டெக்கைக் கழுவினேன். எத்தனை நாள் காய விட வேண்டும்?

நன்றாகக் காயும் நாட்களில் குறைந்தது இரண்டு முழு நாள். அடை மழைக்குப் பிறகென்றால் மூன்று. நிழலில் கிடக்கும், அடியில் காற்றோட்டமில்லாத தாழ்ந்த டெக் என்றால் இன்னும் கூட.

மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரமானி ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் ஈரப்பதம் எத்தனை வீதம் என்று காட்டும். 15 வீதமோ அதற்குக் கீழோ வந்தால் பூசலாம். ஒரு பலகையில் மட்டும் பார்க்காமல், தண்ணீர் தேங்கும் மூலை, படிக்கட்டின் அடிப்பலகை, பூச்சாடி இருந்த இடம் என்று ஏழெட்டு இடத்தில் குத்திப் பாருங்கள்.

மழையே இல்லாவிட்டாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 வீதம் அளவில் இருந்தால் மரம் ஏறத்தாழ 12 வீதத்தில் நிற்கும். 80 வீதத்தில் 16க்கு வந்துவிடும், 90 வீதத்தில் 20ஐத் தொடும். கிழமைக் கணக்கில் புழுக்கமாக இருந்த காலத்தில் 'மழைதான் பெய்யவில்லையே' என்று பூசுவது ஏன் பிழைக்கிறது என்று இதில் தெரியும்.

ஈரமானி இல்லையென்றால் ஒரு கரண்டி தண்ணீரைப் பலகையில் விடுங்கள். சில நிமிடத்துக்குள் உறிஞ்சினால் மரம் ஸ்டெயினையும் குடிக்கும். முத்தாக உருண்டு நின்றால், மரம் ஈரமாக இருக்கிறது அல்லது பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

பனி விழுவது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். நான் இங்கே பனி என்பது ஸ்னோவை அல்ல, இரவில் புல்லில் இறங்குமே அந்தப் பனித்துளியை.

ஒரு செப்டெம்பர்ச் சனிக்கிழமை. முகிலே இல்லாத வானம், 22 டிகிரி, அடுத்த மூன்று நாளும் மழை இல்லை. இதைவிட என்ன வேண்டும் என்று காலை முழுதும் வேறு வேலை பார்த்துவிட்டு மூன்று மணிக்குத்தான் தூரிகையை எடுத்தேன். தண்ணீர் ஸ்டெயின். கடைசிப் பலகை முடிய ஆறரை. மறுநாள் காலை கோப்பியோடு கதவைத் திறந்தால், டெக் முழுதும் பால் தெளித்தது போலத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. சில இடங்களில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரிப் பளபளக்கும் கோடுகள். ஆனால் சுவரோடு ஒட்டிய இரண்டு பலகைகள் மட்டும், கூரையின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், சீரான பழுப்பு நிறத்தோடு அழகாகக் காய்ந்திருந்தன. அதே பேணி, அதே தூரிகை. சொல்லப்போனால் அந்த இரண்டையும்தான் கடைசியாகப் பூசினேன்.

காரணம் இதுதான். முகில் இல்லாத, காற்று அசையாத இரவில், வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் எந்தப் பரப்பும் தன் சூட்டை மேலே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அது பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போனதும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராக இறங்கும். கூரைக்கு அடியில் இருந்த பலகைகள் வானத்தைப் பார்க்கவில்லை, அதனால் தப்பின. செப்டெம்பர் நடுவில் ஏழரைக்குள் பொழுது பட்டுவிடும், எட்டு ஒன்பது மணிக்கே டெக் நனையத் தொடங்கிவிடும். நான் ஆறரைக்கு முடித்ததற்கு, ஸ்டெயினுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பனிக்குள்ள ஆராவது காயப்போடுவினமே?" என்று கேட்டார். ஊரில் ஒடியலும் மோர் மிளகாயும் பாயில் காயும்போது, பொழுதுபட முன்னம் சுருட்டி உள்ளே எடுத்துவிடுவார்கள். பகல் முழுதும் காய்ந்ததை ஒரு பனி கெடுத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். டெக்கைச் சுருட்டி உள்ளே வைக்க முடியாது, அதனால் நேரத்தைத்தான் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

பனிநிலையை வானிலை அறிவிப்பிலேயே பார்க்கலாம். கையால் கணக்குப் போடவும் சுலபம். 100இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5ஆல் வகுத்து, வரும் எண்ணை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 20 டிகிரி, 60 வீத ஈரப்பதம் என்றால் 40ஐ 5ஆல் வகுக்க 8. ஆகவே பனிநிலை ஏறத்தாழ 12. ஈரப்பதம் 50 வீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். பூசும்போது பலகையின் சூடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். அன்று இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை பனிநிலைக்குப் பக்கத்தில் வருமென்றால் நிச்சயம் நனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், முதல் நாள் காலை ஏழு மணிக்கு வெளியே நிற்கும் காரின் கூரையைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால், வானிலை மாறாதவரை நாளைக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். காலையிலும் அதே ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஆகவே செப்டெம்பரில் ஒரு நாளில் உண்மையாகக் கையில் கிடைப்பது நான்கு மணி நேரம்தான். பெரிய டெக் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பூசிய பிறகு எவ்வளவு நேரம் மழை வரக்கூடாது?

தண்ணீர் ஸ்டெயினுக்கு 24 மணி நேரம், எண்ணெய் ஸ்டெயினுக்கு 24 முதல் 48 மணி நேரம். சில பேணிகளில் நான்கு மணி நேரம் போதும் என்று போட்டிருப்பார்கள். நல்ல சூழலில் அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை நம்பி நான் திட்டம் போடுவதில்லை.

30 வீதம் மழை வாய்ப்பு என்றால் பூசலாமா?

கனடாவின் வானிலைத் துறை சொல்லும் அந்த வீதம், அந்த வட்டாரத்தில் நீங்கள் எந்த ஓரிடத்தை எடுத்தாலும் அங்கே, அந்தக் கால இடைவெளிக்குள் 0.2 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ மழை விழும் வாய்ப்பு. எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு பலமாகப் பெய்யும் என்று அது சொல்வதில்லை. ஜூலையில் 30 வீதம் என்றால், பெரும்பாலும் பின்னேரம் எங்கோ ஓரிடத்தில் கொட்டப்போகும் இடிமழை. அது மார்க்கத்தில் கொட்டிவிட்டு ஸ்காபரோவைத் தொடாமலும் போகலாம். நான் 20 வீதத்துக்கு மேல் இருந்தால் பேணியைத் திறப்பதில்லை. காலையில் மணிக்கணக்கு அறிவிப்பையும் ராடர் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பூசி முடிக்கமுன் மழை வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், ஈரமான ஸ்டெயின்மேல் தார்ப்பாயை விரிக்காதீர்கள். அது ஒட்டிக்கொள்ளும், ஈரத்தையும் பூட்டி வைக்கும். கதிரைகளையோ கம்புகளையோ நிறுத்தி, பாய் தொடாமல் மேலே கட்ட முடிந்தால் கட்டுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மழை விட்டதும் உடனே துடைத்துத் திருத்தப் போகாமல், இரண்டு நாள் காய விடுங்கள். எண்ணெய் ஸ்டெயினில் துளி விழுந்த புள்ளிகள் மட்டும் தெரிந்தால், 80 ஆம் நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மெல்லிசாக ஒரு தடவை பூசினால் போதும். தண்ணீர் ஸ்டெயின் கழுவுப்பட்டு வழிந்திருந்தால், அந்தப் பலகைகளின் பூச்சை முழு நீளத்துக்கும் எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி. நடுவில் ஒட்டுப்போட்டால் ஒட்டாகவே தெரியும். மேலே சொன்ன நத்தைத் தடம் போன்ற பளபளப்பு வேறு. அது காயுமுன் ஈரம் பட்டதால் ஸ்டெயினின் சோப்புப் போன்ற பொருள்கள் மேலே வந்த அடையாளம், வெறும் தண்ணீரில் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

காற்று அடித்தால்?

மெல்லிய காற்று நல்லது, காய உதவும். மரக்கிளைகள் ஆடும் அளவுக்கு அடித்தால் வேண்டாம். ஓரம் சீக்கிரம் காய்ந்து கோடு விழும், தூசியும் ஒட்டும். விசிறிக் குழாயால் அடிப்பவர்கள் இன்னும் கவனம். பக்கத்து வீட்டுக் காரில் படிந்தால் அந்த உறவே கெட்டுவிடும்.

புது டெக். இந்த வருடமே பூசலாமா?

உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் ஆலையிலிருந்து வரும்போதே ஈரத்தோடு வரும். சிலது கிழமைக் கணக்கில் காயும், சிலதுக்கு ஒரு கோடை முழுதும் வேண்டும். ஈரமானியையும் தண்ணீர்த் துளியையும் நம்புங்கள், நாட்காட்டியை நம்பாதீர்கள். அதேநேரம் காய்ந்த பின்னும் இழுத்தடிக்க வேண்டாம். வெறும் மரத்தில் விழும் வெயில் மேல்நாரைச் சிதைத்துவிடும், அதன்மேல் பூசும் எதுவும் பிறகு சரியாகப் பிடிக்காது. மேற்பரப்பு நரைத்துவிட்டால், கழுவி, மெல்லத் தேய்த்த பின்தான் பூச வேண்டும்.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கனடாவில் 2003 ஆம் ஆண்டு முடியும் வரை வீட்டு டெக்குகளுக்கு ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தைப் பயன்படுத்தினார்கள். உங்கள் டெக் அதற்கு முந்தியதென்றால், அதை இயந்திரத்தால் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் வளவு அது.

ஸ்டெயின் துடைத்த துணியை என்ன செய்வது?

வானிலையோடு சேர்ந்த கேள்விதான் இதுவும், உயிரோடு சேர்ந்ததும்கூட. எண்ணெய் ஸ்டெயின் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காயும்போது சூட்டை வெளிவிடும். துணியைக் கசக்கி ஒரு மூலையில் எறிந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெக்கையான நாளில் இந்த ஆபத்து இன்னும் கூடும். துணிகளைத் தனித்தனியாக விரித்து வெளியே, கொங்கிறீற்றில் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோகப் பேணியில் போட்டு மூடுங்கள். கராஜுக்குள் குவிக்கவே கூடாது.

ஒக்டோபர் வந்துவிட்டது. இன்னும் பூசலாமா?

சில வருடங்களில் ஒக்டோபர் முதல் கிழமையில் சூடான நாலைந்து நாள் கிடைக்கும். இரவும் 10 டிகிரிக்கு மேல் நின்றால், எண்ணெய் ஸ்டெயினோடு காலை பதினொன்றுக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிக்கலாம். ஆனால் அப்போது இலைகள் விழத் தொடங்கியிருக்கும். ஈரமான மேப்பிள் இலை ஓரிரவு கிடந்தாலே பலகையில் தன் வடிவத்தை அச்சுப் பதித்துவிடும்.

அந்த நாட்கள் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு குளிர்காலம் பூச்சில்லாமல் கிடந்ததால் டெக் உடைந்து விழுந்துவிடாது. இலைகளைக் கூட்டி, பலகைகளுக்கு இடையில் அடைத்திருக்கும் குப்பையைக் கத்தி முனையால் கிண்டி எடுத்து, தண்ணீர் ஓட வழி விட்டால் போதும். வாங்கிய பேணி தண்ணீர் ஸ்டெயின் என்றால் கராஜில் வைக்காமல் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு தடவை உறைந்தால் அது தயிர் போலத் திரிந்துவிடும், வசந்தத்தில் எவ்வளவு கலக்கினாலும் சேராது.